மீன்பிடிப் படகு இல்லாத கடல்: சிமுலேஷன் ஆய்வேடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பன்னாட்டு உறவுகளில் மேற்படிப்புக்கு வரும் தமிழ் மாணவர்களில் சிலர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மாடலிங், சிமுலேஷன்னு ஒரு பிரிவு இருக்கே, அரசியல் அறிவியல் படிச்சவங்களுக்கு அது ஒத்துவருமா?" உலகின் ஒரு துண்டை விதிகளாக எழுதி (மாடல்), அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் (சிமுலேஷன்) அந்தப் பிரிவின் வேலை. ஆம், இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, கூட இருந்து பார்த்த ஓர் ஆய்வேட்டின் போக்கை முழுதாக எழுதிவிடுவது உதவும் என்று நினைத்தேன். நடந்த இடம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரப் பல்கலைக்கழகம். ஊர், ஆள் பெயர்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. ஆய்வேட்டை எழுதியவர் இதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார். அவருடைய ஆய்வுக் குழுவில் நான் இரண்டாம் உறுப்பினர். துறையில் சிமுலேஷன் பாடம் எடுப்பவன்.

பின்னணி

போரையும் அமைதியையும் கணக்கில் போட்டுப் பார்க்கும் ஆசை பழையது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், பிற்பாடு நாடுகளின் ஆயுதப் போட்டியைச் சமன்பாடுகளாக எழுதினார். 1950களின் கடைசியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோ மாணவர்களையே நாடுகளாக உட்காரவைத்து, அவர்கள் எடுக்கும் முடிவுகளின் விளைவைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஒரு முறையை நடத்தினார். 1971இல் தாமஸ் ஷெல்லிங், யாருக்கும் பெரிய வெறுப்பு இல்லாமலேயே குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்துபோக முடியும் என்று கட்டங்களில் காட்டினார். 2002இல் ஜோஷுவா எப்ஸ்டீன் உள்நாட்டுக் கலவரத்துக்கு ஒரு மாடல் வெளியிட்டார்: மனக்குறை உள்ள மக்கள், அவர்களைக் கைது செய்யும் காவலர்கள், இவ்வளவுதான் அதில். இன்று எங்கள் துறைக்கு வரும் மாணவர் முதல் வாரத்திலேயே நெட்லோகோ என்ற மாடலிங் மென்பொருளைத் திறந்து அந்தக் கலவர மாடலை ஓட்டிப் பார்த்துவிடுகிறார்.

ஓட்டிப் பார்ப்பது சுலபம் என்பதுதான் சிக்கலே. அரசியல் படித்து வந்தவர் கணினி நிரல் எழுத அஞ்சுவார் என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் அந்த அச்சம் ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை. அதன்பின் வருவது எதிர்த் திசைக் கோளாறு: திரையில் புள்ளிகள் நகர ஆரம்பித்ததும் அதுவே உலகம் என்று தோன்றிவிடும்.

இந்த நிகழ்வில் வரும் மாணவி சென்னையில் வளர்ந்தவர். அரசியல் அறிவியல் பட்டதாரி. முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சோமாலியக் கடற்கொள்ளை. தேர்வு நல்ல தேர்வு, ஏனென்றால் அந்தக் கதைக்குத் தொடக்கம், உச்சம், வீழ்ச்சி மூன்றும் உண்டு. பன்னாட்டுக் கடல்சார் பணியகத்தின் (ஐஎம்பி) கணக்கில், சோமாலியர் தொடர்பான தாக்குதல்கள் 2008இல் 111, 2010இல் 219, 2011இல் 237. 2012இல் திடீரென்று 75. 2013இல் 15. 2015இல் ஒன்றுகூட இல்லை. சமூக அறிவியலில் இவ்வளவு துலக்கமான ஏற்ற இறக்கம் கிடைப்பது அரிது.

ஏன் விழுந்தது என்பதற்குத்தான் ஆளுக்கொரு விடை. 2008 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 'அட்டலான்டா' கடற்படை நடவடிக்கையைத் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் ஏடன் வளைகுடாவில் தனிக் கடப்புப் பாதை வகுக்கப்பட்டது: ஒவ்வொன்றும் 5 கடல் மைல் அகலத்தில் இரண்டு தடங்கள், நடுவில் 2 கடல் மைல் இடைவெளி. 2011 முதல் கப்பல்களில் ஆயுதக் காவலர்களை ஏற்றிச் செல்வது பரவலானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பல் தொழில் அமைப்புகள் தங்கள் பாதுகாப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பை வெளியிட்டன. கரையிலும் மாற்றம் இருந்தது: சோமாலியாவின் வடகிழக்குப் பகுதியான பண்ட்லாந்தின் கடல்சார் காவல் படை வளர்ந்தது, 2012 மே மாதம் ஐரோப்பியப் படை கரையில் நிறுத்தியிருந்த கொள்ளையர் படகுகளையே தாக்கியது.

மாணவியின் ஆய்வுக் கேள்வி, முன்மொழிவில் எழுதியிருந்தபடி: இந்த நடவடிக்கைகளில் எது எவ்வளவு பங்கு வகித்தது? உதவித்தொகையில் ஒரு பகுதி பாதுகாப்பு சார்ந்த ஒரு திட்டத்திலிருந்து வந்தது. அவர்களுக்கு வேண்டியதும் அந்த விடைதான், முடிந்தால் ஒரே அட்டவணையில்.

மாடல் கட்டப்பட்ட விதம்

ஏஜென்ட்கள், அதாவது மாடலுக்குள் விதிப்படி தாமே முடிவெடுத்து நகரும் பாத்திரங்கள், மூவகை. வணிகக் கப்பலுக்கு வேகம், கடல்மட்டத்திலிருந்து தளத்தின் உயரம், காவலர் உண்டா இல்லையா என்ற குறிப்பு. கொள்ளையர் குழுவுக்கு ஒரு தாய்ப்படகு, இரண்டு சிறு வேகப்படகுகள், எத்தனை நாளுக்கு எரிபொருளும் உணவும் என்ற கணக்கு, போன தடவை எங்கே கப்பல் சிக்கியது என்ற நினைவு. கடற்படைக் கப்பலுக்கு ரோந்துப் பகுதி, ஹெலிகாப்டர் போய்ச் சேர ஆகும் நேரம். இவர்கள் எல்லார் மேலும் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகள் வெளிக்கடலுக்குப் போவதில்லை. ஏடன் வளைகுடாவில் மட்டும் ஓரளவு போகலாம். இதை மாதவாரியாக ஒரு அலை உயர வரைபடமாகப் போட்டிருந்தார்.

வணிகக் கப்பல் போக்குவரத்துக்கு அவர் எடுத்தது ஏஐஎஸ் தரவு. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றைத் தானாக ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆகவே அந்தத் தரவு பெரியது, ஒழுங்கானது, கையாள வசதியானது. பின்னால் வரப்போவதற்கு இந்த வசதிதான் காரணம்.

2008 முதல் 2010 வரையான மாதவாரி எண்ணிக்கையோடு பொருந்தும்படி மாடலின் பாராமீட்டர்களை, அதாவது உள்ளே நாம் வைக்கும் அளவுகளை, சரிசெய்தார். இதற்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர். 2011, 2012 இரண்டு ஆண்டுகளையும் தொடாமல் ஒதுக்கிவைத்துச் சோதனைக்கு வைத்துக்கொண்டார். இது முறையான வேலை. பலர் இதைச் செய்வதே இல்லை. சோதனை ஆண்டுகளில் மாடலின் கோடு உண்மைக் கோட்டை ஒட்டியே போனது. 2011இன் உச்சமும் வந்தது, 2012இன் சரிவும் வந்தது, ஒவ்வோர் ஆண்டும் பருவக்காற்றுக் காலத்தில் விழும் பள்ளமும் வந்தது. காவலர்களே பெரும் காரணம், கடற்படை அடுத்தது என்று ஆய்வேட்டின் வரைவு முடிந்தது. நெறியாளர் மகிழ்ந்தார். அவர் பன்னாட்டு உறவுக் கோட்பாட்டாளர். மாடலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை.

கவனித்தவை: குழுக் கூட்டம்

குழுவின் மூன்றாம் உறுப்பினர் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, பின் செயல்பாட்டு ஆராய்ச்சி கற்பிக்க வந்தவர். குறைவாகப் பேசுவார். வரைவுக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "காவலர்களை எல்லாக் கப்பலிலிருந்தும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள்" என்றார். மாணவி அங்கேயே மடிக்கணினியில் ஓட்டினார். எதிர்பார்த்தபடி 2012இன் சரிவு காணாமல் போனது. மாணவியின் முகத்தில் நிம்மதி.

"சரி. இப்போது காவலர் இல்லாமலேயே மறுபடி கேலிபரேஷன் செய்யுங்கள். கடற்படையின் பாராமீட்டர்களை மட்டும் அசைக்க விடுங்கள்."

அதற்கு ஓர் இரவு பிடித்தது. மறுநாள் வந்த கோடு, பழைய கோட்டை விடக் கொஞ்சமும் மோசமில்லை. ஹெலிகாப்டர் வந்துசேரும் நேரத்தையும், ஒருமுறை பிடிபட்ட குழு திரும்பக் கடலுக்கு வருவதற்கான வாய்ப்பையும் சிறிது மாற்றினால் போதும், காவலர் என்ற சொல்லே இல்லாமல் 2012 விழுந்தது. அடுத்து கடற்படையை எடுத்துவிட்டு, கொள்ளையர் குழு எத்தனை தோல்விக்குப் பிறகு தொழிலை விடும் என்ற ஒரே பாராமீட்டரை அசைத்தார். அதிலும் விழுந்தது. கரையில் நடந்த மாற்றங்கள் மாடலில் இல்லவே இல்லை. அந்தப் பாராமீட்டர் அவற்றுக்குப் பினாமியாக நின்றது என்று சொல்லலாம்.

ஒரே விளைவுக்குப் பல வழிகள் இருக்கும்போது, விளைவை மட்டும் பார்த்து வழியைச் சொல்ல முடியாது. பாடத்தில் இதை நாங்கள் சொல்லித்தான் தருகிறோம். ஆனால் பாடத்தில் கேட்பது வேறு, தன் மூன்றாண்டு உழைப்பின் முக்கிய அட்டவணை கண்ணெதிரே கரைவதைப் பார்ப்பது வேறு.

இந்தக் கட்டத்தில் மாணவி கைவிடவில்லை என்பதைக் குறித்தாக வேண்டும். ஆண்டு எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை என்றால் வேறு அடையாளங்கள் தீர்மானிக்கும் என்று வாதிட்டார். எந்தக் கடற்பகுதியில், எந்த மாதத்தில், எந்த வகைக் கப்பல் மீது என்று பிரித்துப் பார்த்தால் மூன்று விளக்கங்களும் ஒன்றுபோல் நிற்காது என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்தான். அவர் மிகவும் நம்பியது பருவகாலப் பள்ளத்தை: ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியக் கரையை ஒட்டிய அறிக்கைகள் ஏறக்குறைய நின்றுபோகின்றன, மாடலும் அதையே காட்டுகிறது, ஆகவே கொள்ளையரின் நடமாட்டத்தை மாடல் சரியாகப் பிடித்திருக்கிறது.

கேப்டனின் கேள்வி

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் பழக்கம். வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டுகளில் ஏடன் வளைகுடா வழியாகவும் கொச்சிப் பக்கமாகவும் கப்பல் ஓட்டியவர். மகன் வீட்டுக்கு வந்திருந்தார். மாணவியை அவரிடம் அழைத்துப் போனேன். மாடலின் அசைபடத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார் மாணவி: நீலத்தில் வணிகக் கப்பல்கள், சாம்பலில் கடற்படை, சிவப்பில் கொள்ளையர்.

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, கப்பல் இருக்கு, நேவி இருக்கு, கள்ளன் இருக்கான். மீன் பிடிக்கிற வள்ளத்த எங்க?"

"அது ஏஐஎஸ் டேட்டாவுல வராது அங்கிள்."

"டேட்டாவுல வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு என் ராடார்ல வரும்லா."

பிறகு விளக்கினார். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிக் கடற்பகுதி, அங்கிருந்து கொல்லம், கொச்சி வரை, இரவில் கடல் முழுக்க விளக்குதான். வலையோ தூண்டில் கயிறோ பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும். பெரிய கப்பல் அதன் மேலே ஏறிப் போனால் லட்சக்கணக்கில் நட்டம். ஆகவே கப்பல் வருவதைப் பார்த்ததும் படகுக்காரர்கள் வேகமாக அதை நோக்கியே வருவார்கள். டார்ச் அடிப்பார்கள், கூச்சல் போடுவார்கள், திசையை மாற்று என்று கை காட்டுவார்கள். கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் (பிரிட்ஜில்) நிற்கும் இளம் அதிகாரிக்கு, அதுவும் அந்தக் கடலை முன்பின் பார்க்காதவருக்கு, சிறு படகு ஒன்று நேராகத் தன்னை நோக்கி வருகிறது. அவர் எழுதுவது: 'சந்தேகத்துக்குரிய நெருக்கம்'.

2010இல் கப்பல் தொழில் அமைப்புகள் வகுத்த அதிஆபத்துப் பகுதியின் கிழக்கு எல்லை 78 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோடு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு கன்னியாகுமரிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இறங்குகிறது. அதாவது இந்தியாவின் மேற்குக் கரை முழுவதும் கடற்கொள்ளை ஆபத்துப் பகுதிக்குள். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து ஏறக்குறைய 20 கடல் மைல் தொலைவில், இத்தாலிய எண்ணெய்க் கப்பல் 'என்ரிக்கா லெக்ஸி'யில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகிலிருந்த இரண்டு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கொள்ளையர் என்று நினைத்ததாக வீரர்கள் தரப்பு சொன்னது. வழக்கு 2020இல் நடுவர் தீர்ப்பாயத் தீர்ப்பு வரை போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பின் 2021இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் அதே மாடியில், பக்கத்து அறையில், கடல் சட்ட வகுப்பில் அந்த வழக்கைப் பாடமாகவே நடத்துகிறார்கள். மாணவி அந்த வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். பன்னாட்டு உறவுத் துறைக்குள் சிமுலேஷனைக் கொண்டுவந்ததற்குச் சொல்லப்படும் காரணமே இந்த இரண்டு அறிவும் ஒரே தலையில் சந்திக்கும் என்பதுதான். சந்திக்கவில்லை. தரவுக் கோப்பில் மீனவருக்குப் பத்தி இல்லை, அதனால் கடலிலும் மீனவர் இல்லை.

பருவகாலப் பள்ளம் ஏன் சான்றாகாது

கேப்டன் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் மாணவியே இதைக் கண்டுபிடித்தார். நான் பெயரளவுக்குத் தலையாட்டியதோடு சரி.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொள்ளையர் வெளிக்கடலுக்கு வருவதில்லை. அதே காலத்தில்தான் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை இல்லாத நாட்களிலும் காற்றுக்குப் பயந்து சிறு படகுகள் தங்கிவிடும். ஆக இந்தியக் கரையை ஒட்டிய 'சந்தேகத்துக்குரிய நெருக்கம்' அறிக்கைகள் ஜூனில் குறைந்து அக்டோபரில் ஏறுவதற்குக் கொள்ளையர் காரணமாக இருக்கலாம், மீனவர் காரணமாக இருக்கலாம். இரண்டு நாட்காட்டியும் ஒன்றுதான். மாடலின் மிக உறுதியான சான்று என்று அவர் வைத்திருந்தது எதையும் பிரித்துக் காட்டாது.

துப்பாக்கிச் சூடு நடந்த தாக்குதல்கள், ஏறிப் பிடித்த கப்பல்கள் ஆகியவற்றில் இந்தக் குழப்பம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏணி போட்டு ஏறியவரை மீனவர் என்று யாரும் எழுதமாட்டார்கள். குழப்பம் முழுவதும் நெருக்க அறிக்கைகளில்தான். ஆனால் மாதவாரி எண்ணிக்கையை அடர்த்தியாக்க மாணவி அவற்றையும் சேர்த்தே கேலிபரேஷன் செய்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. வரம்புகள் என்ற தலைப்பில் ஒரு பக்கம் சேர்த்துவிட்டு இருப்பதை அப்படியே சமர்ப்பிக்கலாம் என்றார் நெறியாளர். உதவித்தொகை முடியும் தேதி நெருங்கியிருந்ததால் அது கல்நெஞ்சமான யோசனை அல்ல, மாணவியின் நலன் கருதியதே. மாடலையே விட்டுவிட்டு வழக்கமான புள்ளியியல் ஆய்வாக மாற்றலாம் என்றார் மூன்றாம் உறுப்பினர். மீன்பிடிப் படகுகள், கரை அரசியல் எல்லாவற்றையும் சேர்த்து முழுதாகத் திரும்பக் கட்டலாம் என்பது மாணவியின் விருப்பம்.

மூன்றும் வேண்டாம் என்பது என் நிலை. நீண்ட விவாதத்துக்குப் பின் குழு அதற்கு வந்தது. கேள்வியை மாற்றுவது என்று முடிவாயிற்று. 'எது எவ்வளவு பங்கு' என்ற கேள்விக்கு இந்த மாடல் விடை தராது. ஆனால் 'எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் மாறாமல் நிற்பது எது' என்று கேட்கலாம். பொருந்திவரும் ஒரே ஒரு பாராமீட்டர் தொகுப்பைத் தேடாமல், பொருந்தக்கூடிய எல்லாத் தொகுப்புகளையும் சேகரித்து, அவை அனைத்திலும் தென்படும் நடத்தையை மட்டும் முடிவாக எழுதுவது. பங்கு அட்டவணை நீக்கப்படும்.

கேலிபரேஷனுக்கு ஏறிப் பிடித்தவை, சுடப்பட்டவை மட்டும். நெருக்க அறிக்கைகள் தனியே ஒதுக்கப்படும்.

மீன்பிடிப் படகுகளைச் சேர்ப்பதா என்பதில் சூடான வாதம் நடந்தது. எத்தனை படகு, எங்கே, எந்த இரவில் என்பதற்கு நம்பத்தக்க தரவு கைவசம் இல்லை. தரவு இல்லாததைச் சேர்த்தால் அது கற்பனை என்றார் மூன்றாம் உறுப்பினர். சேர்க்காமல் விட்டால் மட்டும் கற்பனை இல்லையா, எண்ணிக்கை பூஜ்யம் என்றல்லவா சொல்கிறோம் என்று மாணவி திருப்பிக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் மிக நல்ல வாக்கியம் அதுதான். இறுதியில் ஒரு குறிப்பிட்ட எண் வைக்காமல், மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை ஒரு வீச்சாக வைத்து, எல்லா அளவிலும் ஓட்டுவது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. கரை அரசியலைச் சேர்க்கவில்லை. அதற்கு இன்னொரு ஆய்வேடு வேண்டும். மாடலுக்கு வெளியே நிற்கும் போட்டி விளக்கம் என்று பெயர் சொல்லி எழுதுவதோடு நிறுத்தினோம்.

பின்னர் நடந்தவை

புதிய ரன்களில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது இடப்பெயர்ச்சி. கடப்புப் பாதையில் காவல் இறுகியதும் கொள்ளையர் அரபிக்கடலின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் நகர்ந்தார்கள் என்பது வரலாறு. மாடலில், போன தடவை எங்கே சிக்கியது என்ற நினைவு கொள்ளையருக்கு இருக்கும்வரை, பொருந்திய எல்லாத் தொகுப்புகளிலும் இது நடந்தது. காவலர் காரணமா கடற்படை காரணமா என்பதைப் பற்றி எந்தக் கட்சியும் எடுக்காமலேயே இதைச் சொல்லலாம். ஆய்வேட்டின் உறுதியான அத்தியாயம் இதுவே ஆனது.

இரண்டாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அறிக்கைகள் எச்சரிக்கை வரைபடத்தை மாற்றுகின்றன. எச்சரிக்கை உள்ள இடத்தில் கப்பல்கள் கூடுதல் விழிப்போடு போகின்றன. விழிப்புக் கூடினால் அதே மீன்பிடிப் படகு அதிகம் கண்ணில் படுகிறது, அதிகம் அறிக்கையாகிறது. இந்தச் சுற்றை மாடலில் இணைத்த பிறகு, சோதனைக்காக ஒரு ரன்னில் கொள்ளையர் ஏஜென்ட்கள் எல்லாரையும் நீக்கிவிட்டார் மாணவி. எச்சரிக்கை வரைபடத்தில் ஏடன் வளைகுடா மெல்ல வெளுத்தது. கேரளத்துக்கும் குமரிக்கும் எதிரே உள்ள கட்டங்கள் மட்டும் சிவந்தே நின்றன. அந்தக் கடலில் கொள்ளையன் ஒருவன்கூட இல்லை. மீனவரும் பயந்த கப்பல்களும் மட்டும்.

உண்மை உலகில் அதிஆபத்துப் பகுதியின் எல்லை 78 பாகையிலிருந்து 65 பாகைக்குத் திரும்பியது 2015 டிசம்பரில்தான். தாக்குதல்கள் 2012 முதலே விழுந்துகொண்டிருந்தன. மாடலில் கண்ட சுற்றுதான் அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று எழுத மாணவிக்கு ஆசை இருந்தது, குழு அனுமதிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள், கப்பல் தொழிலாளர் ஊதிய ஒப்பந்தங்கள், அரசுகளின் பேரம் என்று அந்த எல்லைக்குப் பின்னால் பல கைகள் உண்டு. 'இப்படி நடக்கக்கூடும்' என்பதோடு வாக்கியம் நின்றது. எல்லையை 65க்கு நகர்த்தினால் மீனவரோடு மோதும் வாய்ப்பு குறைகிறது என்ற முடிவையும் வரைவில் எழுதியிருந்தார், நான் அடித்துவிட்டேன். எல்லைக்கு வெளியே காவலர் சுடமாட்டார் என்று மாடலுக்கு நாமே சொல்லிவிட்டு, அதை அதனிடமே கேட்டு வாங்குவது ஆய்வு ஆகாது.

விளைவு

ஆய்வேடு ஒரு பருவம் தாமதமாகச் சமர்ப்பிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அந்தப் பருவத்துக்கு உதவித்தொகை இல்லை. இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்து மாணவி சமாளித்தார். திட்டத்தினர் கேட்ட அட்டவணை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்காது என்ற விளக்கக் குறிப்பை வாங்கிக்கொண்டு அவர்கள் அமைதியாகிவிட்டார்கள். அந்தத் திட்டத்திலிருந்து எங்கள் துறைக்கு அடுத்த மாணவர் எடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்க எங்களுக்கு வழியில்லை. மூன்றாம் உறுப்பினர் கையெழுத்திட்டார், ஆனால் மீன்பிடிப் படகுப் பகுதி தரவற்றது என்ற தன் மறுப்பைக் கோப்பில் எழுத்தாக வைத்தார். அவர் தரப்பில் நியாயம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மாடலின் முழு விவரிப்பும் நிரலும் பொதுவெளியில் உள்ளன. ஏஜென்ட் மாடல்களை விவரிப்பதற்கு 2006இல் உருவான 'ஓடிடி' (ODD) முறைப்படி எழுதப்பட்டிருப்பதால் வேறு ஒருவர் எடுத்து ஓட்ட முடிகிறது. மாணவி இப்போது புலம்பெயர்வோர் நகர்வை முன்கூட்டிக் கணிக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறார்.

மாற வேண்டியவை

துறையில் சில நடைமுறைகள் மாறின, சில மாறவில்லை. இப்போது ஆய்வு முன்மொழிவில், தன் விளக்கத்தோடு போட்டி போடும் விளக்கங்களை மாணவர் பெயர் சொல்லி எழுத வேண்டும். அவற்றில் எவை மாடலுக்குள் வரும், எவை வெளியே நிற்கும் என்றும் பிரிக்க வேண்டும். நிரல் எழுதத் தொடங்குமுன் இது கைக்கு வர வேண்டும். கேலிபரேஷனுக்கு முந்தைய கட்டத்திலேயே, அந்த இடத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் அசைபடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர்கள் இதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். முடிக்காத மாடலை வெளியாளிடம் காட்டக் கூச்சம்.

தரவு தருபவர் யாரை எண்ணவில்லை என்ற கேள்வியைச் சிமுலேஷன் பாடத்தில் ஒரு முழு வகுப்பாகவே வைத்தேன். பெரிய கப்பலுக்கு ஏஐஎஸ் உண்டு, வள்ளத்துக்கு இல்லை. முகாமில் பதிவு செய்த அகதிக்கு எண் உண்டு, உறவினர் வீட்டில் தங்கியவருக்கு இல்லை.

உதவித்தொகைத் தேதிக்கும் ஆய்வுக் கேள்விக்கும் உள்ள முடிச்சு அவிழவில்லை. வெளித் திட்டப் பணத்தில் படிக்கும் மாணவர் நடுவழியில் கேள்வியை மாற்றினால் ஒரு பருவத்துக்காவது துறை தாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நிதி இல்லை என்று பதில் வந்தது.

2023 கடைசியில் சோமாலியக் கடற்கொள்ளை மீண்டும் தலைதூக்கியது. செங்கடல் தாக்குதல்களால் கடற்படைகளின் கவனம் அங்கே திரும்பியிருந்த நேரம். அந்த டிசம்பரில் கடத்தப்பட்ட 'ரூயன்' சரக்குக் கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டு 35 பேரைப் பிடித்தது. உடனே ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து மாணவிக்கு அழைப்பு: பழைய மாடலை ஓட்டி, அடுத்த ஆண்டு எத்தனை தாக்குதல் என்று சொல்ல முடியுமா? எண்ணிக்கை சொல்ல இந்த மாடல் பயன்படாது என்று அவர் பதில் எழுதினார். ரோந்துக் கப்பல்கள் வடக்கே போனால் கொள்ளை எந்தப் பக்கம் நகரும் என்பதை வேண்டுமானால் பார்க்கலாம், மீன்பிடிப் படகுகளின் வீச்சையும் சேர்த்து ஓட்ட வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும் என்றும் சேர்த்திருந்தார். அவர்களுக்கு இரண்டு நாளில் ஓர் எண் வேண்டியிருந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது என் வகுப்பில் இரண்டு பேர் அந்த வேலையை எடுத்திருக்கிறார்கள். கேப்டன் தூத்துக்குடியில்தான் இருக்கிறார், வீடியோ அழைப்பில் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.